பீரங்கி அளந்த பூமி

சிதம்பர க்ஷேத்திரத்துக் கீழைக் கோபுரத்தில் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு செதுக்கிய கரணச் சிற்பங்களைக் கண்டு களித்துவிட்டுக் கடலூருக்கு வரும் யாத்திரிகர், கெடிலக்கரைத் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையைத் தேடினால், சிதைந்த சில சுவர்களன்றி அதிகம் காணார். 1690-இல் இதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள நிலமும் தமக்கே என்று பேசிக்கொண்டு, கோட்டையிலிருந்து சுட்டே எல்லை வகுத்தனர். அவ்வாறு அகப்பட்டவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. (சங்கிலி பிடிக்கும் சிரமமில்லாத சர்வே!) 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாக விளங்கிய கோட்டையை, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்துத் தள்ளினான். தில்லைக் கோயில் மதில்களோ, 1781-இல் ஹைதர் அலியின் வீரர் உள்ளிருக்க, ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் படையையே திருப்பி அனுப்பின.