சிடி117 பாசிட்டிவ்: ஒரு சாயத்தோட கதை

ராயப்பன்பட்டி, உத்தமபாளையம், கம்பம்னு நம்ம பக்கத்துல இருந்து பயாப்ஸி ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்புறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: “டாக்டர், பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?” தைமஸ் புற்றுநோய்ல இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறே இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால, இதயத்துக்கு மேல இருக்கிற சுரப்பி. குழந்தையா இருக்கும்போது பெருசா இருக்கும், வயசாக ஆக சுருங்கிடும். இது தெரியாம 1907ல ஆரம்பிச்சு அமெரிக்காவுல பச்சக் குழந்தைகளுக்கு “தைமஸ் வீக்கம்”னு கதிர்வீச்சு கொடுத்தாங்க. அதுல பலருக்குப் பின்னாடி தைராய்டு புற்றுநோய் வந்தது. இந்தச் சுரப்பிக்கு என்ன வேலைன்னு ஜாக் மில்லர் எலிகள்ல காட்டினதே 1961லதான். நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அதுதான் பயிற்சிக் கூடம்.

இதுல வர்ற கட்டிகள் ரொம்ப அபூர்வம். பெரும்பாலானது மெதுவா வளர்ற தைமோமா. தைமிக் கார்சினோமா அதைவிட அபூர்வம், அதைவிட மோசம். இது தைமஸ்லயே தொடங்கினதா, நுரையீரல்ல இருந்து பரவினதான்னு மைக்ராஸ்கோப்ல பார்த்து சொல்றது கஷ்டம். 1994ல ஜப்பான் மருத்துவர்கள் சிடி5 சாயம் தைமிக் கார்சினோமாவுல பிடிக்குதுன்னு சொன்னாங்க. அப்புறம் சிடி117, அதாவது கிட் புரதமும் சேர்ந்தது. சுமார் 80 சதவீதம் பேருக்கு அது பாசிட்டிவ்.

இங்கதான் எல்லாருக்கும் ஆசை வந்தது. ஏன்னா, கிட் ஜீன் கெட்டுப்போறதால வர்ற ஒரு குடல் கட்டிக்கு இமாட்டினிப் மாத்திரை பிரமாதமா வேலை செஞ்சிருந்தது. 2004ல ஜெர்மனியில தைமிக் கார்சினோமா நோயாளி ஒருத்தருக்கும் கொடுத்துப் பார்த்தாங்க, கட்டி சுருங்குச்சு.

அதே சமயம் நம்ம ஊர்ல வேற ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. 2006 ஜனவரியில சென்னை காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸ் கம்பெனியோட இமாட்டினிப் விண்ணப்பத்தை நிராகரிச்சது. 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல ஆகுற மருந்து, இந்தியக் கம்பெனிகள்கிட்ட பத்தாயிரத்துக்குள்ள கிடைச்சது. ரத்தப் புற்றுநோய்க்காரங்களுக்கு இது உயிர்ப்பிச்சை, அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா மாத்திரை கைக்கு எட்டுற விலையில இருக்கும்போது, “பாசிட்டிவ்தானே, போட்டுப் பார்ப்போமே”ன்னு தோணத்தான் செய்யும்.

போட்டும் பார்த்தாங்க. 2009ல வெளியான ஆய்வுல 7 நோயாளிகள். ஒருத்தருக்குக் கூட கட்டி சுருங்கல. ஏன்?

தோட்டத்துல மோட்டார் இருக்கிறது வேற, ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிட்டு நிக்காம ஓடுறது வேற. சாயம் காட்டுறது மோட்டார் இருக்குன்னு மட்டும்தான். ஜீன்ல பிறழ்வு இருந்தாத்தான் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இமாட்டினிப் அணைக்கிறது அந்த மாதிரி மோட்டாரைத்தான். 2004 நோயாளிக்கு அந்தப் பிறழ்வு இருந்தது. தைமிக் கார்சினோமாவுல அது 10 பேர்ல ஒருத்தருக்குக்கூட இல்ல. 2009 ஆய்வுல ஒருத்தருக்கும் இல்ல.

அப்போ யார் நல்லா இருப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்றது எது? 2014ல ஜிடிஎஃப்2ஐ ஜீன் பிறழ்வு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. அது இருந்தவங்கள்ல 96 சதவீதம் பேர் பத்து வருஷம் தாண்டினாங்க, இல்லாதவங்கள்ல 70. ஆனா அது பெரும்பாலும் சாதுவான தைமோமாவுலதான் இருக்கு, கார்சினோமாவுல குறைவு. இன்னைக்கும் முதல்ல பார்க்கிறது ரெண்டுதான்: கட்டி எவ்வளவு பரவியிருக்கு, சர்ஜன் அதை முழுசா எடுத்தாரா. ஜப்பான்காரர் மசாவோகா 1981லயே ஸ்டேஜ் பிரிச்சுக் கொடுத்துட்டார். சாயத்தைவிட அதுதான் அதிகம் சொல்லுது.

அதனால ரிப்போர்ட்ல “சிடி117 பாசிட்டிவ்”னு இருந்தா, அது நல்லதுமில்ல கெட்டதுமில்ல. கட்டி பிறந்த ஊரைச் சொல்ற அடையாள அட்டை. மாத்திரை பத்திப் பேச்சு வந்தா, “கிட் ஜீன் டெஸ்ட் பண்ணியாச்சா சார்?”னு உங்க புற்றுநோய் மருத்துவர்கிட்ட கேளுங்க. பயாப்ஸி பிளாக்கை வாங்கி பத்திரமா வைங்க. அந்த டெஸ்டுக்கு அது வேணும்.