ஐஸ் மேல ஒரு டாங்கோ... யார் இந்த லுட்மிலா பகோமோவா?

காரைக்கால்ல 'ஐஸ்'னு சொன்னா, மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகுக்குள்ள கொட்டுற ஐஸ்தான் ஞாபகம் வரும். அதே ஐஸ் மேல ரெண்டு பேர் கைகோத்து டாங்கோ ஆடி, ஒலிம்பிக் தங்கமும் வாங்கலாம். ஐஸ் டான்ஸில் அந்தத் தங்கத்தை முதன்முதலில் வாங்கிய ஜோடி, சோவியத் யூனியனின் லுட்மிலா பகோமோவா - அலெக்ஸாண்டர் கோர்ஷ்கோவ்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ரீல்ஸ்ல பொண்ணைத் தலைக்கு மேல தூக்கிச் சுழற்றுறது, தூக்கி வீசுறதெல்லாம் பார்த்திருப்பீங்க. அது 'பேர் ஸ்கேட்டிங்'. ஐஸ் டான்ஸில் அந்த மாதிரி தூக்கவோ, வீசவோ கூடாது. கால் வேலை, தாளம், ரெண்டு பேரும் விலகாம ஒட்டி ஆடுறது... இதுக்குத்தான் மார்க். பரதம் கத்துக்கிட்டவங்களுக்குச் சட்டுனு புரியும். பார்க்க ஈஸியா இருக்கும், ஆனா தாளம் தப்பினா மறைக்க இடமே கிடையாது.

பகோமோவா 1946 டிசம்பர் 31-ல் மாஸ்கோவில் பிறந்தவர். விக்டர் ரிஷ்கின் என்பவரோடு ஆடி, மூன்று முறை சோவியத் சாம்பியன் ஆனவர். அந்த ஜோடி பிரிந்ததும், 1966-ல் அவர் தேர்ந்தெடுத்த புது பார்ட்னர்தான் கோர்ஷ்கோவ். அப்போது அவர் பகோமோவாவைவிடப் பல படி கீழே இருந்தவர். 'இது தேறாது' என்றுதான் பலரும் நினைத்தார்கள். சாம்பியன் ஒருத்தி பேர் தெரியாத பையனுக்காக முதல் படியிலிருந்து மறுபடி ஏறுவது சின்ன ரிஸ்க் இல்லை.

பயிற்சியாளர் எலெனா சைகோவ்ஸ்கயா. அந்தக் காலத்தில் ஐஸ் டான்ஸ் என்றால் பிரிட்டிஷ்காரர்களின் கோட்டை. நிமிர்ந்த உடம்பு, பால்ரூம் நடனம் போன்ற கச்சிதம். நாடகக் கலைக் கல்லூரியில் படித்த பகோமோவா, அதற்குள் பாலேயையும் முகபாவத்தையும் கொண்டுவந்தார். நடுவர்களுக்கு இது புதுசு. 1969-ல் உலகப் போட்டியில் வெள்ளி, 1970-ல் தங்கம். ஐஸ் டான்ஸில் சோவியத்துக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். அதே வருஷம் இருவருக்கும் கல்யாணம். 1974 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள்.

அடுத்த வருஷம்தான் அடி விழுந்தது. 1975-ல் ஐரோப்பியப் பட்டத்தை ஜெயித்த கையோடு கோர்ஷ்கோவ் நுரையீரல் பாதிப்பால் விழுந்தார். ஆபரேஷன். அந்த வருஷ உலகப் போட்டியில் ஆட முடியவில்லை. பட்டம் இன்னொரு சோவியத் ஜோடிக்குப் போனது. இதில் கொடுமை என்னன்னா, ஐஸ் டான்ஸ் முதல்முறையா ஒலிம்பிக்குக்குள் வரப்போவது அடுத்த வருஷம், 1976-ல். ஒரு நுரையீரலை நம்பி ரெண்டு பேரின் பத்து வருஷ உழைப்பு நின்றது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில் அவர்கள் ஆடினார்கள். தங்கம். வெள்ளி வாங்கிய மொய்சீவா - மினென்கோவ், முந்தைய வருஷம் இவர்கள் இல்லாத மேடையில் உலக சாம்பியன் ஆன அதே ஜோடி. சில வாரங்களில் ஸ்வீடனில் ஆறாவது உலகப் பட்டம். அதோடு போட்டிக்கு டாட்டா.

1977-ல் மகள் பிறந்தாள். பகோமோவா பயிற்சியாளர் ஆனார். ஆனால் புற்றுநோய், 1986 மே 17-ல் அவரைக் கொண்டுபோனது. வயது 39. கோர்ஷ்கோவ் பல வருஷம் சர்வதேச ஸ்கேட்டிங் நிர்வாகத்தில் இருந்தார். 2010-லிருந்து ரஷ்ய ஃபிகர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் தலைவர். 2022-ல் இறந்தார்.

இருவரும் சைகோவ்ஸ்கயாவோடு சேர்ந்து அமைத்த 'டாங்கோ ரொமான்டிகா'வை சர்வதேச அமைப்பு கட்டாய நடனங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதாவது, அதற்குப் பிறகு வந்த ஜோடிகள் இவர்கள் போட்ட அதே அடிகளை அதே வரிசையில் போட்டுத்தான் மார்க் வாங்க வேண்டியிருந்தது. நெட்டில் அந்தப் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க. முதல் தடவை முகத்தைப் பாருங்க, ரெண்டாவது தடவை கால்களை மட்டும்.