உழைப்பின் ஓசையும் போரின் ஓசையும்: பொறியிசை வரலாற்றில் வன்னி

கலை உழைப்பிற் பிறந்தது என்னும் கருத்துக்கு வன்னிப் பெருநிலப்பரப்பின் நாட்டார் பாடல்கள் தக்க சான்றாகும். நெற்கதிர் அரியும்போது பாடப்பட்ட அருவி வெட்டுப் பாடல்களும், விளைபயிரைப் பன்றியிடமிருந்து காத்தோர் பாடிய பண்டிப் பள்ளும், கதிர் கொய்ய வரும் பறவைகளை விரட்டியோர் பாடிய குருவிப் பள்ளும் தொழிலினின்றும் பிரிக்கவொண்ணாதவை. அரிவாள் வீச்சே அவற்றின் தாளம். காவற்பரணில் விழித்திருக்கும் இரவே அவற்றின் காலம். தொழில் நடந்தபோது பாட்டும் நடந்தது. தொழில் ஓய்ந்தபோது பாட்டும் ஓய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளிலே தோன்றிய இருவகை இசைகளும் தொழிலோடு தொடர்புடையனவே. ஒன்று தொழிலக இசை எனவும், மற்றையது டெக்னோ எனவும் வழங்கும். பொறிகளின் ஓசையையும் மின்னியற் கருவிகளின் ஒலியையும் அடிப்படையாகக் கொண்டவையாதலின் இவ்விரண்டையும் பொறியிசை என ஒருங்கே சுட்டலாம். எனினும் அருவி வெட்டுப் பாடலுக்கும் இப்பொறியிசைக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. முன்னையது நடைபெறும் தொழிலின் பாட்டு. பின்னையது பெரும்பாலும் நின்றுபோன தொழிலின் பாட்டு. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கின், பொறியிசை வரலாற்றில் வன்னி பெறும் இடம் யாது என்னும் வினாவுக்கு விடை காண்டல் கூடும்.

இயந்திரத்தின் இரைச்சலையும் இசையெனக் கொள்ளலாம் என்று முதன்முதல் வற்புறுத்தியவருள் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ குறிப்பிடத்தக்கவர். 1913ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘இரைச்சல்களின் கலை’ என்னும் அறிக்கை, பழைய வாத்தியங்களின் ஒலிவளம் வற்றிவிட்டதென்றும் ஆலைகளும் நகரங்களும் புதிய ஒலிகளை வழங்குகின்றன என்றும் வாதிட்டது. போர்க்களத்து வெடியோசையும் அவர் போற்றிய ஒலிகளுள் அடங்கும். அவர் 1915இல் விரும்பிப் படையிற் சேர்ந்தார்; 1917இல் தலையிற் படுகாயமுற்றார். இரைச்சலைத் தொலைவிலிருந்து வியத்தல் வேறு, அதன் நடுவே நிற்றல் வேறு என்பதற்கு அவர் வாழ்வே முதற் சான்றாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

ருஸ்ஸோலோவின் காலத்தில் ஆலைகள் வளர்ந்துகொண்டிருந்தன. 1970களிலோ அவை மூடப்படலாயின. 1976இல் இலண்டனில் ‘திரொபிங் கிறிஸல்’ என்னும் குழுவினர் ‘இண்டஸ்ற்றியல் றெக்கோட்ஸ்’ எனும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். தொழிலக இசை என்ற பெயர் இந்நிறுவனத்தின் பெயரினின்றே பரவியது. உருக்குத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்ட் நகரிலிருந்து ‘கபரே வோல்ற்றேர்’ குழு எழுந்தது. 1980இல் மேற்குப் பேர்லினில் தோன்றிய ‘ஐன்ஸ்ற்றூர்ட்செண்டே நொய்பௌட்டன்’ குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளைபொறிகளையும் வாத்தியங்களாக்கினர். இடிந்துவிழும் புதுக்கட்டடங்கள் என்பதே அப்பெயரின் பொருள். இலண்டன் குழுவாகிய ‘டெஸ்ற் டிபார்ட்மென்ற்’, பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் 1984–85ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டது. பழைய இரும்பைத் தட்டியெழுப்பிய ஓசையும் தொழிலாளர் குரலும் ஒரே தொகுப்பில் இடம்பெற்றன. தொழிலின் இறுதிக்காலத்திலே பாடப்பட்ட தொழிற்பாடல் அது எனலாம்.

அமெரிக்காவில் இதற்கு இணையான களம் மோட்டார் நகரமாகிய டெற்றோயிற் ஆகும். 1950இல் ஏறத்தாழ 18.5 இலட்சமாயிருந்த அந்நகரின் மக்கட்டொகை 1980இல் 12 இலட்சமாகச் சுருங்கியது. ஆலைகள் வெளியேறிய அச்சூழலில் யுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர் மூவர், தாளப்பொறிகளையும் மின்னியல் விசைப்பலகைகளையுங் கொண்டு டெக்னோவை உருவாக்கினர். மனிதக் கரங்களைப் பொறிகள் இடம்பெயர்த்த நகரிலே, அக்கரங்களுக்குரியோரின் மக்கள் பொறியைத் தம் வசமாக்கி ஆடவைத்தனர்.

பேர்லின் மதில் வீழ்ந்தபின் இவ்விசை அங்கும் வேரூன்றியது. 1991இல் தொடங்கிய ‘ட்ரெசோர்’ ஆடலரங்கு பழைய அங்காடியொன்றின் நிலவறைப் பெட்டகத்தில் அமைந்தது. 2004இல் தொடங்கிய ‘பேர்க்ஹைன்’ கைவிடப்பட்ட மின்னாக்க நிலையத்தில் அமைந்தது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலும் 1990களில் மெட்டு முற்றாகக் களையப்பட்டு, கனத்த தாளமும் சிதைந்த ஒலியும் மட்டுமே எஞ்சிய கடுமையான டெக்னோ வளர்ந்தது. இன்று இருண்ட டெக்னோ எனப்படும் தொகுப்புகள் இம்மரபின் வழித்தோன்றல்களே. இந்நகரங்கள் அனைத்திலும் ஒரு பொதுமை காணப்படுகின்றது. ஆலை ஓய்ந்தபின் எஞ்சிய அமைதியை நிரப்பவே அதன் ஓசை மீண்டும் இசையாக வரவழைக்கப்பட்டது.

பொறியிசைக் கருவிகள் தெற்காசியாவுக்கு அந்நியமானவையல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டிலேயே மின்னிசைக் கூடம் நிறுவப்பட்டது. அங்கு உருவான ஒலிப்பதிவுகள் அரைநூற்றாண்டின் பின்னர் 2023இல் இசைத்தட்டாயின. பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை மின்னியல் தாளப்பொறியோடு இணைத்து 1980களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவு செய்த இசைத்தட்டு, பின்னாளில் உலகெங்கும் வியக்கப்பட்டது. 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். கருவி வந்தது, ஆயின் மேலைநாட்டுத் தொழிலக இசை போன்றதோர் இயக்கம் எழவில்லை. கருவி மாத்திரம் கலையை ஆக்குவதில்லை, சமூகச் சூழலே அதனைத் தீர்மானிக்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

அங்ஙனமாயின், நின்றுபோன ஆலை வன்னியில் இல்லையோ எனின், உண்டு. கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் 1950களில் அரசினால் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக்கொண்டு கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கியது. பயிர்த்தொழிலே முதன்மைபெற்ற நிலத்தில் இவை புதியதொரு தொழிலாளர் வாழ்வின் அடையாளங்களாயிருந்தன. இவ்விரண்டும் போரினால் இயக்கமிழந்தன. ஷெஃபீல்டிலும் டெற்றோயிற்றிலும் ஆலையை மூடியது சந்தை. பரந்தனில் மூடியது போர். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. சந்தை மூடிய ஆலையின் பின்னே அமைதி நிலவியது. போர் மூடிய ஆலையின் பின்னே முன்னினும் பேரிரைச்சல் எழுந்தது. கிபிர் விமானத்தின் உறுமலும், எறிகணை புறப்படும் ஓசையும், அது வீழும் ஓசையும், இரண்டுக்கும் இடைப்பட்ட கணப்பொழுதும் வன்னி மக்களின் அன்றாடக் கேள்வியறிவாயின. ஓசையைக் கேட்டு வானூர்தியின் வகையைக் கூறச் சிறுவரும் கற்றிருந்தனர். பதுங்குகுழிக்குள் ஓடுவதா, இருந்த இடத்திலே கிடப்பதா என்பதை அச்செவிப்புலனே தீர்மானித்தது. அவ்வோசையை இசையாகக் கேட்கும் ஓய்வு அவர்க்கு இருந்ததில்லை.

போர்க்காலத்து வடபகுதியில் மின்சாரமும் அரிதாயிற்று. 1990இன் பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் மிதிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். இசையைக் கேட்பதற்கே உடலுழைப்பு வேண்டியிருந்த இந்நிலை, பொறியிசை வரலாற்றை எழுதுவோர் கருதாதுவிட்ட ஒன்றாகும். மேலைநாட்டில் பொறி மனிதனுக்காக இசைத்தது. இங்கோ பொறி இசைக்க மனிதன் சுழன்றான்.

இசைத்தொகுப்பு வெளியீடுகள் வன்னியில் இல்லாமற் போகவில்லை. போர்க்காலத்திலே முதலில் ஒலிநாடாக்களாகவும் பின்னர் இறுவட்டுகளாகவும் பல வெளியாயின. வெளியீட்டு விழாக்களும் நிகழ்ந்தன. மின்னியல் விசைப்பலகையும் தாளப்பொறியும் அவற்றிற் பயன்பட்டன. எனினும் அவை மெல்லிசை, கருநாடக இசை, திரையிசை ஆகிய மரபுகளைத் தழுவிய மெட்டுப் பாடல்களே. போராட்டத்திற்கு மக்களைத் திரட்டுதலும் மாண்டோரை நினைவுகூர்தலும் அவற்றின் நோக்கங்களாயிருந்தன. இரைச்சலை இரைச்சலாகவே கலையாக்கும் முயற்சி அவற்றில் இல்லை. இதனைக் கலைத்தேக்கம் எனக் கொள்ளுதல் பிழையாகும். ஓசையால் சூழப்பட்டவர்க்கு மெட்டே புகலிடம். இரைச்சலைத் தேடிச் செல்பவர் அமைதியை உடையவரே.

தமிழரிடையே இரைச்சலைக் கலையாக்கும் பணி, ஆகவே, வன்னிக்கு வெளியிலேதான் நிகழ்ந்தது. 1975இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்து, 1986இல் மீண்டும் இலண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த பாடகியானார். தந்தையார் ஈழப்புரட்சி அமைப்பின் தாபகருள் ஒருவர். அவரது இயக்கப் பெயராகிய ‘அருளர்’ என்பதே 2005இல் வெளியான முதல் தொகுப்பின் பெயராயிற்று. ரோலண்ட் நிறுவனத்தின் சிறிய தாளப்பொறியொன்றிலே அதன் தொடக்கப் பாடல்கள் உருவாயின. தாயாரின் பெயர்பூண்ட ‘கலா’ 2007இல் வெளியாயிற்று. தமிழகத்து உறுமி மேளம் அதில் ஒலித்தது.

2009ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி அரச படையினர் வசமாயிற்று. மே மாதம் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றது. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அப்பெப்ரவரியில் எம்.ஐ.ஏ. நிறைமாதக் கருவுடன் அமெரிக்காவின் கிராமி விழா மேடையிற் பாடினார். ஓராண்டு கழித்து, 2010 சூலையில், அவரது மூன்றாவது தொகுப்பாகிய ‘மாயா’ வெளிவந்தது. முன்னைய தொகுப்புகளின் ஆடற்களிப்பு இதிற் குன்றிற்று. துளைபொறியும் வாளும் அறுப்பது போன்ற ஓசைகள் தாளமாயின. ‘போர்ன் ஃப்றீ’ என்னும் பாடல், நியூயோர்க் ‘சூயிசைட்’ குழுவினரின் 1977ஆம் ஆண்டுப் பாடலொன்றின் மின்னியல் ஒலியைத் தளமாகக் கொண்டது. இவ்வாற்றால், தொழிலக இசை மரபோடு நேரடியாக உறவுபூண்ட ஈழத்தமிழரின் தொகுப்பாக ‘மாயா’ விளங்குகின்றது.

விமர்சகர் அதனை ஒருமுகமாக வரவேற்கவில்லை. செவிக்கு இனிமையற்றது என்றனர் சிலர். செல்வச் சூழலில் வாழ்ந்துகொண்டு போரைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா என வினவினர் வேறு சிலர். இரண்டாவது வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இத்தொகுப்பு உருவான இடம் லொஸ் ஏஞ்சலிஸ். அது வெளியான வேளையில் வன்னி மக்களுட் பலர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. எவருடைய அழிவின் நிழலில் அத்தொகுப்பு எழுந்ததோ, அவரைச் சென்றடையும் வழி அதற்கு அன்று அரிதாயிருந்தது.

ஆயின் ‘மாயா’ வன்னியின் ஓசையைத் தருவதாகக் கொள்வதே இவ்வாதத்தின் குறைபாடாகும். இணையத்தையும் கண்காணிப்பையும் திரைவழி வருஞ் செய்தியையும் அத்தொகுப்பு பொருளாகக் கொண்டது. புலம்பெயர்ந்த தமிழர் 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களையும் திரைமுன்னிருந்தே கழித்தனர்; உறவினரின் தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருந்தனர். துண்டுபட்ட ஒலி, இடையறும் குரல், பொருள் விளங்காப் பேரிரைச்சல் ஆகியன அவர்களுடைய அனுபவமாகும். அவ்வகையில் ‘மாயா’ தொலைவின் ஆவணம். களத்தில் நின்றவரின் சாட்சியமாக அதனைக் கொள்ளுதலும், களத்தில் நில்லாமையால் அதனைப் பொய்யெனத் தள்ளுதலும் ஒருங்கே தவறாகும்.

மேற்கூறியவற்றால், பொறியிசை வரலாற்றில் வன்னியின் இடம் எதிர்மறையான ஓரிடம் என்பது பெறப்படும். இரைச்சல் கலையாவதற்கு அமைதியும் தொலைவும் தேவை என்பதை வன்னி தன் இழப்பினால் மெய்ப்பிக்கின்றது. ருஸ்ஸோலோ முதல் பேர்லின் நிலவறைகள் வரை எழுதப்பட்ட வரலாறு, இரைச்சலை விரும்பித் தேர்ந்தோரின் வரலாறு. தேராதோரின் செவிகள் கேட்டவை அதில் இடம்பெறவில்லை.

2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. வயல்களில் நீரிறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் ஒலிக்கின்றன. இவ்வோசைகளினின்றும் புதியதோர் இசை எழுமாயின், அது பேர்லினைப் பின்பற்றியதாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. பண்டிப் பள்ளினைப் பாடிய காவற்காரன் இரவின் ஓசைகளை அஞ்சிக் கேட்டான்; கேட்டதைப் பாட்டாக்கினான்; பயிரையும் காத்தான். அச்செவியின் வரலாறு பல்கலைக்கழகங்களிலேனும் தொகுக்கப்படுதல் வேண்டும். போரைக் கேட்டவர்கள் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் கேட்டவற்றைப் பதிவுசெய்யும் கடமை இத்தலைமுறைக்கே உரியது.