மடக்குக் கத்தியும் ஒரு துளி எண்ணெயும்

இறுகிப்போன மடக்குக் கத்தி ஒன்றில் சமையல் எண்ணெயை ஊற்றிப் பிசுக்கேறச் செய்தவன் நான். எல்லா இறுக்கத்திற்கும் எண்ணெய் மருந்தாகாது என்பதை ஒரு பிரெஞ்சுக் கத்தியின் வரலாறுதான் எனக்கு உணர்த்தியது.

1890இல் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் மரப்பிடியுடைய எளிய மடக்குக் கத்தியை உருவாக்கினார். விரித்த அலகு விரல்மேல் மடங்காதிருக்க, 1955இல் மார்செல் ஒப்பினெல் சுழலும் பூட்டு வளையத்தைச் சேர்த்தார். ஆயினும் மரம் நீர்பட்டால் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் அடிமுனையைக் கட்டையில் தட்டி அலகை வெளிக்கொணர்வர். அதற்குச் 'சவாயரின் தட்டு' என்றே பெயர்.

ஆளிவிதை எண்ணெய் காற்றுபட்டு இறுகும் இயல்புடையது. ஆகவே அது மரத்திற்குக் காவல், கீலுக்குப் பகை. கீலுக்கு இறுகாத கனிம எண்ணெய் ஒரு துளி போதும். பழம் நறுக்கும் கத்தியாயின், அவ்வெண்ணெய் உணவுக்கு ஏற்ற தரத்ததாய் இருத்தல் வேண்டும்.

முதலில் ஊறிய மரத்தை நிழலில் உலர்த்த வேண்டும். எண்ணெய் அதன் பிறகே. இவ்வரிசையை அறியாததே நான் செய்த பிழை.