மதிப்புரையில் விளைந்த சிறுகதை

கவிதை, சிறுகதை, நூல் மதிப்புரை ஆகிய மூன்றனுள் மதிப்புரையைக் கடைசி வரிசையில் அமர்த்துவதே இலக்கிய உலகின் வழக்கம். முன்னவை இரண்டும் படைப்பு. மதிப்புரையோ பிறர் படைப்பைச் சார்ந்து நிற்கும் துணைப்பணி என்பது பொதுவான கருத்து. இக்கருத்தை மீண்டும் ஆராயத் தூண்டுவது அர்ஜெண்டினா நாட்டு எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸின் (1899–1986) வாழ்வு. இருபதாம் நூற்றாண்டில் விந்தைப் புனைகதைக்குப் புது வடிவம் தந்த இவர், நாவல் ஒன்றேனும் எழுதியவரல்லர். இவருடைய சிறுகதைக் கலையின் வேர் மதிப்புரையிலேயே உள்ளது.

கவிதைத் தொடக்கம்

புவெனஸ் அயர்ஸ் நகரில் பிறந்த போர்ஹெஸ், ஆங்கிலேயரான தந்தைவழிப் பாட்டியின் வாயிலாக ஸ்பானிய மொழியோடு ஆங்கிலத்தையும் இளமையிலேயே பெற்றார். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து 1921-இல் தாயகம் திரும்பினார். பிறந்த நகரின் தெருக்களைப் பாடிய முதற் கவிதைத் தொகுதி 1923-இல் வெளிவந்தது. அச்சுச் செலவைத் தந்தை ஏற்றார். முகப்போவியத்தைத் தங்கை நோரா மரத்தில் செதுக்கித் தந்தார். அச்சானவை முந்நூறு படிகளே. இலக்கிய இதழொன்றின் அலுவலகத்தில் வருவோர் கழற்றி மாட்டிய மேலங்கிகளின் பைகளில், அவ்விதழாளரின் உதவியோடு அப்படிகள் இடப்பட்டன என்றும், அங்கிக்கு உரியோருள் சிலர் படித்து அந்நூலைப் பற்றி எழுதினர் என்றும் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். கவிஞருக்கு முதலில் பெயர் தேடித் தந்ததும் மதிப்புரையே எனலாம்.

இல்லாத நூலுக்கு மதிப்புரை

1920-களிலிருந்தே இதழ்களில் நூல்களைப் பற்றி எழுதிவந்த போர்ஹெஸ், 1936-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் மதிப்புரை ஒன்றைச் சேர்த்தார். பம்பாய் வழக்கறிஞர் மீர் பகதூர் அலி என்பவர் எழுதிய நாவலைப் பற்றியது அது. கதைச் சுருக்கமும் பதிப்பு விவரமும் நிறைகுறைகளும் முறைப்படி அமைந்த அம்மதிப்புரைக்குரிய நாவலோ உலகில் இல்லை, ஆசிரியரும் கற்பனையே. நண்பரொருவர் அந்நூலை இலண்டனிலிருந்து வரவழைக்க முயன்றார் என்பது சுவையான செய்தி.

அதே ஆண்டில் 'எல் ஓகார்' என்னும் குடும்ப இதழில் அயல்நாட்டு நூல்களை அறிமுகம் செய்யும் பகுதியை ஏற்று, 1939 வரை எழுதினார். ஒலாஃப் ஸ்டேபிள்டன் போன்ற அறிவியல் புனைகதையாளர்களும் அதில் இடம்பெற்றனர். சில வரிகளில் ஓர் ஆசிரியரின் வாழ்வு, ஒரு பத்தியில் ஒரு நாவலின் சாரம் என்று இதழின் பக்க அளவு வற்புறுத்திய சுருக்கமே பின்னர் அவருடைய கதைகளின் இயல்பாயிற்று.

1938-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் கொடியது. தந்தை மறைந்தார். கிறிஸ்துமசுக்கு முதல்நாள் தலையில் பட்ட காயம் நஞ்சேறி அவரை மரணத்தின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. உயிர் பிழைத்தவரை அறிவு மங்கிவிட்டதோ என்ற அச்சம் வாட்டியது. மதிப்புரையோ கவிதையோ எழுத முயன்று தோற்றால் எல்லாம் முடிந்தது என்றாகிவிடும். பழகாத துறையில் தோற்றால் அத்துணைத் துயரில்லை என்று எண்ணிச் சிறுகதையில் கைவைத்ததாக அவரே கூறியுள்ளார். அவ்வாறு பிறந்து 1939-இல் 'சூர்' இதழில் வெளிவந்த 'பியேர் மெனார்' என்னும் கதையின் வடிவம் யாது? மறைந்த கற்பனை எழுத்தாளர் ஒருவரின் நூல்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் கட்டுரை வடிவம்! மதிப்புரையை விட்டு விலகிச் சென்றவரை மதிப்புரையே கைதூக்கிவிட்டது.

நட்பும் நூலகமும்

1940-இல் பியோய் கசாரெஸ், சில்வினா ஒகாம்போ ஆகியோருடன் விந்தை இலக்கியத் தொகைநூலொன்றைத் தொகுத்தார். 1941-இல் வெளிவந்த அவருடைய கதைத் தொகுதிக்கு அடுத்த ஆண்டு தேசியப் பரிசு மறுக்கப்பட்டது. எழுத்தாள நண்பர்கள் சோர்ந்திருக்கவில்லை. 'சூர்' இதழில் அவருக்காக ஒருங்கே எழுதிக் குரல் கொடுத்தனர். அக்கதைகளையும் உள்ளடக்கிய 'ஃபிக்சியோனெஸ்' 1944-இல் வெளிவந்தது. 1961-இல் சாமுவேல் பெக்கெட்டுடன் ஃபார்மெண்டர் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது உலகம் அவரை அறிந்தது.

1955-இல் தேசிய நூலகத்தின் இயக்குநரானபோது, நூல்களைப் படிக்கும் பார்வையை அவர் ஏறத்தாழ இழந்திருந்தார். எழுதித் திருத்த இயலாத நிலையில், மனத்தில் தாங்கிக்கொள்ள எளிதான யாப்புக் கவிதைக்கு மீண்டார். எனினும் பிறர் நூலைப் போற்றும் பணியை விட்டாரல்லர். ரே பிராட்பரியின் செவ்வாய்க் கோள் கதைகளின் ஸ்பானியப் பதிப்புக்கு அவ்வாண்டே முன்னுரை வழங்கினார். பல்லாண்டுகளாக எழுதிய முன்னுரைகள் 1975-இல் தனிநூலாயின.

பெரிய நூலை எழுதி நீட்டுவதினும், அந்நூல் முன்பே இருப்பதாகக் கொண்டு அதற்கு உரை வரைவதே மேல் என்பது போர்ஹெஸின் கொள்கை. பிறர் எழுத்தை ஊன்றிப் படிப்பவனுக்கே அது கைகூடும். நூலொன்றைப் படித்து நேர்மையாகப் பத்து வரி எழுதுவது படைப்பாளியின் நேரத்தைக் கவரும் வேலையன்று. படைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் உழவு. போர்ஹெஸின் வாழ்வு நிறுவும் உண்மை இதுவே.