எல்லையில் மௌனமாகும் கருவி

ரைன் நதியின் மேற்குக் கரையில் ஸ்ட்ராஸ்பூர்க் என்னும் நகரம் இருக்கிறது. எதிர்க்கரை ஜெர்மானியருடையது. 1852-ஆம் ஆண்டில் பிரான்சு தேசமும், அந்நாளில் தனியரசாக விளங்கிய பேடன் நாடும் இந்நகரில் ஒரு பொதுத் தந்தி நிலையத்திற்கு உடன்பட்டன. அந்நிலையத்தில் ஒரு மேஜை. அதன் இரு புறமும் இரண்டு குமாஸ்தாக்கள். பாரிஸ் நகரிலிருந்து கம்பி வழியே வந்த செய்தியைப் பிரெஞ்சுக் குமாஸ்தா தாளில் எழுதி மேஜையின் குறுக்கே நீட்டுவார். எதிரிலிருந்த பேடன் குமாஸ்தா அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தெழுதித் தம் நாட்டுக் கம்பியில் மீண்டும் அனுப்புவார். நூற்றுக்கணக்கான மைல்களை மின்சாரம் நொடியில் கடந்தது. ஒரு மேஜையின் அகலத்தை மட்டும் மனிதன் தன் கையால் கடக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அந்த இரண்டாம் குமாஸ்தாவின்மீது தனியானதொரு பரிவு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

கைப்பேசியைப் பற்றிப் பேச வந்தவர் தந்தியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நேயர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோர் இன்று கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "இந்தப் போன் அங்கே வேலை செய்யுமா?" என்பதாகும். அக்கேள்வி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. அதற்கு முதல் விடை காண 1865-ஆம் ஆண்டில் இருபது நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடினர். மே 17-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையினால் சர்வதேசத் தந்திச் சங்கம் தோன்றிற்று. இன்று ஜெனிவாவில் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பூர்வீகம் அதுவே.

கம்பியில் தீர்ந்த வழக்கு, கம்பியில்லாத் தந்தியில் மீண்டும் முளைத்தது. 1902-ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் தம்பியான ஹைன்றிக் இளவரசர் அமெரிக்காவில் விருந்தினராக இருந்துவிட்டுக் கப்பலேறித் திரும்பினார். நடுக்கடலிலிருந்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப விரும்பினார். கரையிலிருந்த நிலையம் அதனை ஏற்கவில்லை. கப்பலிலிருந்த கருவி மார்க்கோனி நிறுவனத்தின் கருவியன்று என்பதே காரணம். ஓர் இளவரசரின் நன்றியுரை தடைப்பட்டது சிறு விஷயந்தான். ஆயின், மூழ்கும் கப்பலின் அபயக் குரலும் இவ்வாறே மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்னும் அச்சம் அரசாங்கங்களைப் பற்றிக்கொண்டது. 1903-இல் பெர்லினில் முன்னோடி மகாநாடு கூடியது. 1906-இல் அதே நகரில் உருவான உடன்படிக்கை, கரை நிலையமும் கப்பல் நிலையமும் எம்முறைக் கருவியாயினும் ஒன்றன் செய்தியை ஒன்று ஏற்றே தீரவேண்டும் என விதித்தது.

இவ்விதியை உலகம் அடுத்த எண்பது ஆண்டுகளில் எப்படி மறந்தது என்பது வியப்புக்குரியது. 1980-களின் நடுவில் ஐரோப்பாவில் காரில் பொருத்தும் தொலைபேசி பரவத் தொடங்கியபோது, பிரிட்டன் ஒரு முறையைக் கைக்கொண்டது, மேற்கு ஜெர்மனி வேறொன்றை, பிரான்சு மூன்றாவதை, இத்தாலி நான்காவதை. ஒவ்வொன்றும் அவ்வந்நாட்டின் தொழிற்சாலைகளுக்கு வாழ்வளித்தது என்பது மெய். ஆனால், ஸ்ட்ராஸ்பூர்க்கில் பேசிக்கொண்டே பாலத்தைக் கடந்து எதிர்க்கரை சென்ற ஒருவரின் தொலைபேசி பாலத்தின் அப்புறத்தில் ஊமையாயிற்று. 1852-இல் அங்கே உதவிக்கு ஒரு குமாஸ்தாவாவது இருந்தார்!

விதிவிலக்காக நின்றவர்கள் வடபுலத்தார். சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் 1981, 1982-ஆம் ஆண்டுகளில் ஒரே முறையைத் தொடங்கின. ஒருவர் தம் காருடன் எல்லை கடந்தாலும் தொலைபேசி தொடர்ந்து பேசிற்று. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இதுவே என்பது நமது கருத்து.

1982-ஆம் ஆண்டில் ஐரோப்பிய தபால் தந்தி நிர்வாகங்களின் கூட்டமைப்பு, ஒரு பொது முறையை வகுக்கத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. அதன் முதற் கூட்டம் அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்தது. தலைமை வகித்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் தாமஸ் ஹௌக். குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களே ஜி.எஸ்.எம். என்பன. பிற்காலத்தில் அதே மூன்றெழுத்துக்கு உலகளாவிய முறை என்னும் பொருள்பட வேறோர் ஆங்கில விரிவு கற்பிக்கப்பட்டது. எழுத்து மாறாமல் பொருளை மாற்றிய இந்த வித்தை எந்த மொழிபெயர்ப்பாளனையும் பொறாமைப்படுத்தும்.

பெயரிட்டது போல முறையை வகுப்பது எளிதாக இல்லை. 1986-இல் பல போட்டி முறைகள் பாரிஸில் சோதிக்கப்பட்டன. 1987 பிப்ரவரியில் மடேரா தீவில் கூடியபோது பெரும்பாலான நாடுகள் ஒரு பக்கமும், பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் மறு பக்கமும் நின்றன. நிபுணர்களால் தீராத அவ்வழக்கை மே மாதத்தில் பான் நகரில் நான்கு நாடுகளின் அமைச்சர்கள் தீர்த்தனர். செப்டம்பர் 7-ஆம் நாள் கோபன்ஹேகனில் பதின்மூன்று நாடுகளைச் சேர்ந்தோர், 1991-க்குள் சேவையைத் தொடங்குவோம் என்று கையெழுத்திட்டனர். சொன்னபடி 1991 ஜூலை 1-ஆம் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி முதல் அழைப்பைப் பேசினார். மறு ஆண்டில் பின்லாந்து நிறுவனமொன்றும் பிரிட்டிஷ் நிறுவனமொன்றும் தத்தம் சந்தாதாரர்களைப் பரஸ்பரம் ஏற்க உடன்பட்டன. ரோமிங் என்று இன்று யாவரும் வழங்கும் ஏற்பாடு இங்ஙனம் பிறந்தது.

அந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று நின்று காண்போம். கைப்பேசிக்குள் இருக்கும் சிம் அட்டையில் பதினைந்து இலக்கம் வரை கொண்ட ஓர் அடையாள எண் உண்டு; நாம் பிறரிடம் கூறும் தொலைபேசி எண் அன்று இது. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்திய அட்டைகளுக்கு 404 அல்லது 405. லண்டனில் விமானம் இறங்கிக் கைப்பேசியை உயிர்ப்பித்தவுடன் அங்குள்ள நிலையம் இவ்வெண்ணைக் கண்டு, "இவர் இந்தியர்" என்றறிந்து, சந்தாதாரரின் தாய் நிறுவனத்தை விசாரிக்கிறது. தாய் நிறுவனம் ஒரு தற்செயல் எண்ணையும், அதற்குச் சரியான விடையையும் அனுப்புகிறது. லண்டன் நிலையம் அந்த எண்ணைக் கைப்பேசிக்குக் கொடுக்க, சிம் அட்டை தன்னுள் புதைந்த இரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடை தருகிறது. இரண்டும் ஒத்தால் அனுமதி. இரகசியச் சாவி மட்டும் அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. வந்தவரின் அடையாள எண்ணும் இருப்பிடமும் அந்நாட்டு விருந்தினர் ஏட்டில் பதிவாகின்றன; தாய் ஏட்டிலும் "இவர் இப்போது லண்டனில்" என்ற குறிப்பு ஏறுகிறது.

ஆகவே, மதுரையிலிருந்து அழைப்பவரின் குரல் முதலில் இந்தியாவிலுள்ள தாய் நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடக்கிறது. அழைத்தவர் உள்ளூர்க் கட்டணமே தருவார். கடல் கடந்த செலவு கேட்பவர் தலையில் விழும். இந்திய எண்ணுடைய இரு நண்பர்கள் லண்டனில் ஒரே தெருவில் நின்று ஒருவரையொருவர் அழைத்தால், அந்த அழைப்பு இந்தியா வந்து மீளும் என்ற வேடிக்கையும் இம்முறையில் உண்டு.

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995 ஜூலை 31-ஆம் நாள் தொடங்கிற்று. கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாம் ஏற்றது ஜி.எஸ்.எம். முறை. ஆதலின் ஐரோப்பாவும் அரபு நாடுகளும் சிங்கப்பூரும் நமக்குத் திறந்தே இருந்தன. ஆயின், தேசத்திற்குள்ளேயே வேறு எல்லைகள் முளைத்தன. நாடு தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2003 மே 1 முதல் வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை என்று ஆன பின்னரும், வட்டம் தாண்டியவருக்கு அச்சலுகை இல்லை. டெல்லிக்கு வந்த புதிதில் நாமும் ஊர் எண்ணை விட மனமின்றி வைத்திருந்தோம். அம்மா அழைத்தால் மணி ஒலிக்கவிட்டுத் துண்டிப்போம், பிறகு எஸ்.டி.டி. பூத்துக்கு நடப்போம். "எடுக்கவே மாட்டேங்கறியே" என்று அவர் ஒருநாள் வருந்தியபோதுதான், தமிழ்நாட்டுக்கும் டெல்லிக்கும் நடுவே அப்படியொரு சுங்கச்சாவடி இருப்பதை அவருக்கு விளக்கினோம். பம்பாயிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர் பலருக்கும் இவ்வனுபவம் புதிதன்று. எண்ணை மாற்றாமலே மாநிலம் மாறும் வசதி நாடு முழுமைக்கும் வர 2015 ஜூலை ஆயிற்று.

இதற்கிடையே 2002-இன் இறுதியில் சி.டி.எம்.ஏ. என்னும் அமெரிக்க முறையும் இந்தியாவில் பெரிய அளவில் பரவிற்று. விலை மலிவு, மக்கள் விரும்பி வாங்கினர். அக்கருவிகள் பலவற்றில் சிம் அட்டையே கிடையாது. எண் கருவிக்குள்ளேயே பதிந்திருந்தது. நமது அலுவலக நண்பர் ஒருவர் அத்தகைய கருவியுடன் ஜெனிவா சென்றார். தொலைத்தொடர்பு ஒன்றியம் வீற்றிருக்கும் அந்நகரிலேயே, பத்து நாட்களும் அது அவருக்கு மணி காட்டியது, வேறொன்றும் செய்யவில்லை. அமெரிக்காவுக்குச் சென்ற ஜி.எஸ்.எம். கருவிகளுக்கும் துன்பம் இருந்தது. நாம் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் பேச, அவர்கள் 850, 1900-இல் பேசினர். நான்கையும் அறிந்த கருவிகள் வந்த பிறகே அத்தொல்லை தணிந்தது. ஜப்பானோ தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டு நெடுங்காலம் தனித்தே நின்றது.

மூன்றாம் தலைமுறையில் உலகம் ஒன்றாகும் என்று நம்பினர். சர்வதேச ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் ஒரே முறையைத் தேர்வதற்குப் பதிலாக ஐந்து முறைகளை ஏற்று, எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் வைத்தது. சமரசத்தின் இலக்கணம் இதுவே போலும். ஒற்றுமை நான்காம் தலைமுறையில்தான் கிட்டிற்று. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய எல்.டி.ஈ. முறையைப் பழைய பகைவர் யாவரும் ஏற்றனர். ஆனால், அதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளோ நாட்டுக்கு நாடு மாறிப் பல பத்துக்களாகப் பெருகின. மொழி ஒன்றாயிற்று; பேசும் சுருதி வேறாயிற்று.

இதனினும் நுட்பமான இடையூறு ஒன்று உண்டு. எல்.டி.ஈ. முறை இணையத்துக்காக வகுக்கப்பட்டது. குரலழைப்பு வந்தால் தொடக்க நாட்களில் கருவி பழைய மூன்றாம் அல்லது இரண்டாம் தலைமுறைக்கு இறங்கிப் பேசிற்று. புதிய வழியிலேயே குரலை அனுப்பும் வோல்ட்டி முறை பின்னர் வந்தது. அதனை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அமைத்ததனால், ஓரிடத்தில் பேசும் கருவி வேறிடத்தில் பேசுவதற்கு உறுதியில்லை. அந்நிலையில் பழைய முறைகள் மூடப்படலாயின. அமெரிக்காவின் பெரு நிறுவனங்கள் 2022-இல் மூன்றாம் தலைமுறையை நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் அது முடிவுற்றது. அங்கே 000 என்னும் அபாய எண்ணை அழைக்க இயலாத கருவிகளை இணைப்பிலிருந்தே விலக்கவும் உத்தரவாயிற்று. 1906-இல் பெர்லினில் கப்பல்களைப் பற்றி எழுந்த அதே அச்சம்!

ஆதலின் பயணம் புறப்படுவோர் இரண்டைக் கேட்டறிதல் நலம்: செல்லும் நாட்டின் அலைவரிசை எண்கள் தம் கருவியில் உள்ளனவா என்பது ஒன்று, அங்கே வோல்ட்டி வழியே குரலழைப்பு கிட்டுமா என்று தாய் நிறுவனத்தையே கேட்பது மற்றொன்று. திரையில் சமிக்ஞைக் கோடுகள் தெரிவதை மட்டும் நம்பலாகாது.

டெல்லியில் நமது அடுத்த வீட்டு அம்மையார் 2023-இல் அமெரிக்காவிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றார். கையிலிருந்தது குரலுக்குப் பழைய தலைமுறைகளையே நம்பிய ஒரு கருவி. அங்கே அது பேசவில்லை. பென்ஷன் கணக்குக்கு வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் வரவில்லை. மகன் வேறொரு போன் வாங்கித் தந்தார். கும்பகோணத்திலிருந்த தமக்கைக்கு அந்தப் புதிய எண்ணைத் தெரிவித்தும், எண்பது வயதைக் கடந்த அவர் மனப்பாடமான பழைய எண்ணையே நாள்தோறும் அழைத்துக்கொண்டிருந்தாராம். மூன்று மாதங்கள் கழித்து அம்மையார் டெல்லியில் இறங்கிய மாலை, கைப்பைக்குள் கிடந்த அந்தப் பழைய கருவியை உயிர்ப்பித்தார். சுங்கச் சோதனை வரிசையில் நிற்கும்போதே அது ஒலித்தது.