பகடைக்கு அடங்கிய பேய்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் வாக்கு. இருளை ஆக்கியது இயற்கை; பேயை ஆக்கியது அச்சம். தான் ஆக்கிய பேயை மனிதன் இருவகையாகக் கையாண்டு வந்திருக்கின்றான். அதன் காலடியில் விழுந்து, கோழியும் கூலிப்பணமும் கொடுத்துக் கும்பிடுவது ஒரு வகை. அதனைக் கதையாகவும் கூத்தாகவும் விளையாட்டாகவும் மாற்றித் தன் சொற்படி ஆடவைப்பது மற்றொரு வகை. இவ்விரண்டனுள் எது நம் மக்களுக்கு நன்மை பயப்பது என்பதைச் சிங்கப்பூரின் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2024 ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 31 இல் வந்தது. மேல்நாட்டார் ஹாலோவீன் என்று கொண்டாடும் பேய்த் திருநாளும் அதே நாள்தான். நாம் கிராணியாக இருக்கும் செம்பனைத் தோட்டத்தினின்றும் ஜொகூர்ப் பாலங் கடந்து, சிங்கப்பூரில் வாழும் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். சிராங்கூன் சாலையில் விளக்குத் தோரணங்கள் ஒளிர்ந்தன. தேக்காவில் கூட்டம் நெருங்கிற்று. பலகாரம் உண்டபின் தமக்கையாரின் மகனும் அவன் தோழர் நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். இருவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். மேசைமீது தாளும் பென்சிலும், இருபது முகங் கொண்ட பகடையும் இருந்தன. விளக்கைத் தணித்துவிட்டு ஒருவர் கதை சொல்லத் தொடங்கினார்.

“இது ராட்சசன், மாமா,” என்று மருமகன் ஒரு புத்தகத்தைக் காட்டினான். அதில் ஒரு புலித்தலை மனிதன் பட்டாடை உடுத்து நின்றான்.

“ராட்சசனுக்குப் புலித்தலை எங்கிருந்தப்பா வந்தது?” என்று கேட்டோம்.

“தெரியாது மாமா. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது,” என்றான்.

அவ்விடை நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. நம் பாட்டிமார் கதையில் வந்த அரக்கன், நம் வீட்டு மேசைக்கே, அயலார் தைத்த சட்டையுடன் திரும்பி வந்திருக்கின்றான். அவனை நம் பிள்ளைக்கு அடையாளந் தெரியவில்லை.

இவ்விளையாட்டின் வரலாற்றை முதற்கண் சுருக்கமாகக் கூறுவோம். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் இதனை வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர்; ஒருவர் மட்டும் கதையை நடத்துவர். எதிர்ப்படும் பூதம் எத்துணைக் கொடியதாயினும் அதன் வலிமை எண்ணால் எழுதப்பட்டிருக்கும். வெல்வதும் தோற்பதும் மதியூகத்தாலும் பகடையாலும் முடிவாகும். 1977 இல் வந்த பூதங்களின் தொகுதியிலேயே நம் ராட்சசன் புலித்தலையுடன் இடம்பெற்றான். 1983 இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்னும் தம்பதியர் ‘ரேவன்லாஃப்ட்’ என்ற பேய்க்கோட்டைச் சாகசத்தை வெளியிட்டனர். குருதி குடிக்கும் ஒரு பிரபுவின் கோட்டை அது. குறிசொல்லும் கிழவி விரிக்கும் சீட்டுகளுக்கேற்ப அங்குள்ள மாயப் பொருள்களின் இடம் மாறும். ஆகையால் ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் அதையே மீண்டும் ஆடினாலும் புதிதாகவே இருக்கும். பேய்ப்பருவம் வந்தால் பேய்ச்சாகசம் ஆடுவது என்னும் வழக்கம் இத்தகைய நூல்களால் வேரூன்றிற்று.

இது நமக்கு முற்றிலும் புதிதா? அன்று. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்காக நம் தாய்மார் பரமபதம் ஆடியதை அறியாதார் யார்? அசுரர் பெயரும் தீவினைப் பெயரும் தாங்கிய பாம்புகள் அப்படத்தில் வாய்பிளந்து நிற்கும். தாயக்கட்டை பிசகினால் பாம்பு விழுங்கும். நல்லெண் விழுந்தால் ஏணி ஏற்றும். பருவம், இரவு, அச்சம், பகடை ஆகிய நான்கும் அங்கும் உள. ஆயின் பாம்பு விழுங்கிய காயை எடுத்து மீண்டும் கீழிருந்து ஆடத் தொடங்கலாம். விளையாட்டின் மேன்மையே அதுதான்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். தலையும் குடலும் மட்டும் உடலினின்று பிரிந்து இரவில் பறக்கும் பெனாங்காலான் என்னும் பெண்பேயை மலாய் மக்கள் அஞ்சினர். அது பிரசவ வீட்டை நாடி வரும் என்றும், முட்செடியைத் தொங்கவிட்டால் குடல் சிக்குமென்று அஞ்சி விலகும் என்றும் நம்பினர். இப்பேயைப் பற்றிய விவரத்தை ஏட்டில் எழுதி வைத்த முன்னோடிகளுள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. அவர் நமக்கு அயலார் அல்லர். அவருடைய பாட்டனாரின் தந்தையார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து மணம் புரிந்தவர். அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். வாணிகத்துக்கு வேண்டிய மொழியென்று தமிழை முறையாகக் கற்றவர். ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணிபுரிந்தவர். 1849 இல் சிங்கப்பூரில் அச்சேறிய அவருடைய ‘ஹிகாயத் அப்துல்லா’ என்ற நூலில் பெனாங்காலானும் போலோங்கும் விளக்கப்பட்டுள்ளன. அப்பேய்களுக்கு அஞ்சி அவர் எழுதவில்லை. மூதாதையர் வழிவந்த அறியாமை என்னும் கருத்துடனேயே எழுதினார். கேட்டதை மறைக்காமலும் கேட்டதற்கு மயங்காமலும் எழுதிய அந்த எழுத்தரை, எழுத்துத் தொழிலால் வயிறு வளர்க்கும் நாம் வணங்குகின்றோம்.

அப்துல்லாவின் நூல் வெளிவந்து 132 ஆண்டுகள் சென்றபின், 1981 இல், பெனாங்காலான் அவ்விளையாட்டின் மற்றொரு பூதத் தொகுதியிலும் இடம்பெற்றது. மலாய்க் குடிசையில் தாய்மாரை நடுங்கவைத்த பேய், எண்ணும் எல்லையும் பெற்று மேசைமேல் அமர்ந்துவிட்டது.

விதியும் எல்லையும் இல்லாத பேய் என்ன செய்யும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்றுளது. அந்நாளில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளை ஆங்கில அரசாங்கம் அங்கே கொணர்ந்து வேலை வாங்கிற்று. 1825 முதல் 1873 வரை இது நடந்தது. அவர்களுள் சென்னை மாகாணத்தாரும் உண்டு. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் பழைய கட்டடம் 1845 இலும் 1849 இலும் இடியால் தாக்குண்டது. 1852 இல் அதனை மூடிவிட்டு, வெள்ளையர் நீதிமன்றக் கட்டடத்தில் தொழுதனர். உடனே கிளம்பிற்று வதந்தி. தேவாலயத்தில் பேய்கள் குடியேறிவிட்டன என்றும், அவற்றைத் தணிக்கக் கவர்னர் முப்பது மனிதத் தலைகள் கேட்கின்றார் என்றும், இரவில் வழிமறித்துத் தலை கொய்யும்படி கைதிகளுக்குக் கட்டளை பிறந்துள்ளது என்றும் 1853 இல் நகரமெங்கும் பேசினர். மக்கள் இருட்டியபின் வெளிவர அஞ்சினர். அரசாங்கத்தார் மறுத்துக் கூறியும் அச்சம் எளிதில் அடங்கவில்லை.

வாசகர்காள், இங்கே ஒன்றைக் கவனிமின். பேய் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதன் பழி கண்ணுக்குத் தெரிபவர்மேல் விழும். யார்மேல் விழுந்தது? தாய்நாடு இழந்து வந்த நம்மவர்மேல் விழுந்தது. தமக்காக ஒரு சொற் சொல்ல ஆளில்லாதவர்மேல் விழுந்தது. அவர்களோ தலை கொய்யவில்லை, கல் சுமந்தனர். அதே இடத்தில் 1856 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய தேவாலயத்தை அக்கைதிகளே எழுப்பினர். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீருங் கூட்டி, சென்னைச் சுண்ணச்சாந்து என்னும் பூச்சினால் சுவர்களைப் பளபளக்கச் செய்தனர். பேயை ஏவல் கொண்டோர் என்று பழிக்கப்பட்ட கைகளின் வேலைத்திறத்தை இன்றும் அங்குச் சென்று காணலாம்.

நூறாண்டு கழிந்தது. 1957 ஏப்ரல் 27 இல் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தார் தயாரித்த அப்படத்தில் மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். இங்கு வருமுன் தமிழ்ப் படங்களும் இயக்கியவர். பிரசவத்தில் மாண்ட பெண் பேயாகி அலைவாள் என்பதே பொந்தியானாக்கைப் பற்றிய மக்கள் நம்பிக்கை. பல இனத்தாரும் காசு கொடுத்து அலறி, விளக்கெரிந்ததும் சிரித்துக்கொண்டு வீடு சென்றனர். அப்பேய் எவர் வீட்டுக் கோழியையும் கேட்கவில்லை. எந்தக் கைதியையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. 1853 இல் நகரை நடுக்கிய அச்சம், 1957 இல் நுழைவுச் சீட்டுக்குள் அடங்கிவிட்டது.

நிற்க. பெனாங்காலானும் பொந்தியானாக்கும் பிரசவ அறையையே சுற்றுவானேன்? மருத்துவம் எட்டாத அக்காலத்தில் தாய்மார் மிகுதியாக மாண்ட இடம் அதுவே. அறிவு சென்று சேராத இடத்தில் பேய் குடியேறுகின்றது. நம் நாட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசும் அத்தகையதே; சதுப்பு நிலத்து வாயு எரிந்து தோன்றும் சுடர் அது என்று அறிந்தவனுக்கு அதன் வாயிற் கொள்ளியில்லை.

இதனை நாம் நூலில் மட்டும் படித்தறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் அலுவலகத்துக்கு வந்து முன்பணம் கேட்டார். எதற்கென்று வினவினோம். “முனி அடிச்சிருச்சிங்க கிராணி ஐயா. அவளுக்கு மூணு நாளாக் காய்ச்சல் எறங்கல. பூசாரிக்குக் கொடுக்கணும்,” என்றார். அவர் மனைவியார் அப்போது கருவுற்றிருந்தார். பூசாரியை விடுத்து மருத்துவமனைக்குச் செல்க என்று நாம் கூறியிருத்தல் வேண்டும். வண்டிக்கும் ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும். பிறர் நம்பிக்கையில் தலையிடுவானேன் என்று எண்ணி, சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம். மேலும் இரண்டிரவு வேப்பிலையும் உடுக்கையுமாகக் கழிந்தது. பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். டெங்குக் காய்ச்சல் என்றனர். அவர் பிழைத்தார், வயிற்றிலிருந்த சிசு பிழைக்கவில்லை. முன்னரே சென்றிருந்தால் அது பிழைத்திருக்குமோ என்னும் கேள்வி அந்த முன்பணச் சீட்டின் அடிக்கட்டையில் நம் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. பூசாரியை மட்டும் குறை கூற நமக்கு வாயில்லை. படித்த நாமும் அன்று பேய்க்கு ஏவல் செய்தோம்.

ஆகையால், மேசைமேல் பேயை வைத்து ஆடும் இளைஞரைக் கண்டு முகஞ் சுளிக்கும் பெரியோரை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. 1980 களில் அமெரிக்காவிலேயே, இவ்விளையாட்டு சாத்தானை அழைப்பது என்று ஓர் அச்சம் பரவிற்று. விளையாட்டுப் பேய்க்கும் அஞ்சினார் உண்டு என்பதற்கு அது சான்று. அத்தவற்றை நாம் செய்யவேண்டா. பகடை உருட்டினால் மூடநம்பிக்கை ஒழிந்துவிடும் என்றும் நாம் கூறவில்லை. ஆயினும், “இதன் பலவீனம் யாது? இதனை வெல்லும் வழி யாது?” என்று பேயை நோக்கி வினவப் பழகிய பிள்ளை, நாளை பூசாரியை நோக்கியும் வினவக்கூடும்.

ஆயின் குறையொன்று உளது. அப்பிள்ளை கையிலுள்ள புத்தகம் நாம் எழுதியதன்று. இந்நிலையை மாற்றப் பிறர் தொடங்கிவிட்டனர். 2021 இல் வந்த ரேவன்லாஃப்ட் நூலில் இந்திய வழியினரான அஜித் ஜார்ஜ், ‘கலகேரி’ என்னும் இந்தியச் சாயலுள்ள நாடொன்றைப் படைத்தார். 2022 இல் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதிய பதின்மூன்று சாகசங்கள் ஒரே தொகுதியாக வெளிவந்தன. மலேசியாவில் செடெக் சியூ, முன் காவ் என்னும் இருவர் இவ்வட்டாரத் தீவுகளின் கதைகளைக் கொண்டு ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற விளையாட்டு நூல்வரிசையைப் படைத்தனர். நம் முனியும் மோகினியும் கொள்ளிவாயும் பூச்சாண்டியும், லயத்துக் கிழவிகளின் வாயோடு மறையக் காத்திருக்கின்றன.

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள இளைஞர்காள்! பாட்டியிடம் சென்று கேளுங்கள். அவர் சொல்லும் பேயை ஏட்டில் எழுதுங்கள். அது எந்த ஊரில், எந்த அச்சத்தில் பிறந்தது என்பதையும் உடன் எழுதுங்கள். எழுதியபின் அதற்கு எண் கொடுங்கள், எல்லை கொடுங்கள், வெல்லும் வழியும் கொடுங்கள். நாகூர் வழிவந்த ஓர் எழுத்தர் அன்றே அவ்வேலையைத் தொடங்கி வைத்தார்.

அடுத்த தீபாவளிக்கு மருமகனுக்கு நாம் கொண்டு செல்லும் பரிசு இன்னதென்று முடிவு செய்துவிட்டோம். அலுவலகத்துப் பழைய பேரேடு ஒன்றில் வெற்றுத் தாள்கள் உள. அதன் முதற் பக்கத்தில் நம் தோட்டத்து முனியின் கதையை எழுதத் தொடங்கியிருக்கின்றோம். அம்முனியின் பலவீனம் என்னும் இடத்தில் எழுதியிருப்பது இது: காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவமனைக்குச் செல்லும் வீட்டில் இது நுழையாது.